தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், விழுந்த இடத்திலேயே நெஞ்சை அழுத்துங்கள்

ஏழு வருடங்களுக்கு முன்பு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம். காலைப் பந்தி நடந்துகொண்டிருந்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டாவது இட்லியைப் பிட்ட என் பெரியப்பா, பேச்சு மூச்சில்லாமல் பக்கவாட்டில் சரிந்தார். மயக்கம் என்று நினைத்து ஒருவர் சோடா வாங்க ஓடினார். கை கால் வெட்டி இழுத்ததைப் பார்த்து, வலிப்பு என்று சொல்லி இன்னொருவர் சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் திணித்தார். நான் பக்கத்தில் மண்டியிட்டு விசிறிக்கொண்டிருந்தேன். "மூச்சு இழுத்துக்கிட்டுதான் இருக்கு, தூக்குங்க, தூக்குங்க" என்று யாரோ கத்தினார்கள். நாலு பேராகத் தூக்கி, ஒரு ஆட்டோவில் காலை மடக்கி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆகிவிட்டது. அங்கே ஒரு நர்ஸ் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "விழுந்த உடனே யாராவது நெஞ்சை அழுத்தினீங்களா?"

யாரும் அழுத்தவில்லை. அழுத்த வேண்டும் என்பதே அங்கிருந்த முந்நூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அழுத்தியிருந்தால் பெரியப்பா பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாய்ப்பு இருந்தது. அது அந்தப் பந்தியிலேயே, இலைகளுக்கு நடுவில் கைநழுவிப் போனது.

அதன்பிறகு முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். ஒருமுறை கற்றது மறந்துபோகும் என்பதால் திரும்பத் திரும்பப் போகிறேன். நான் மருத்துவர் இல்லை. இதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் படித்துவிட்டு, நாளைக்கே தேவைப்பட்டால் கையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு

மாரடைப்பு, அதாவது ஹார்ட் அட்டாக் வேறு. இதயம் திடீரென்று நின்றுபோகும் கார்டியாக் அரெஸ்ட் வேறு. பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். வயல்வெளி பம்ப்செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் அடைப்பு ஏற்பட்டுத் தண்ணீர் சரியாகப் போகாதது மாதிரிதான் மாரடைப்பு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. அந்த நேரத்தில் ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், வலிக்கிறது என்று சொல்வார், வியர்த்துக் கொட்டும். மோட்டாருக்கு வரும் கரண்ட் தாறுமாறாகி மோட்டார் சுற்றாமல் வெறுமனே அதிர்ந்துகொண்டிருந்தால் எப்படி இருக்கும், அதுதான் கார்டியாக் அரெஸ்ட். இதயத்தின் மின்னோட்டம் குலைந்து, தசை சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். ரத்தம் எங்கும் போகாது. சில நொடிகளில் ஆள் நினைவிழந்து விழுவார். மாரடைப்பு முற்றி இதயம் நிற்பதும் உண்டு. அடைப்பே இல்லாத இளைஞர்களுக்கும் நிற்பதுண்டு. பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பும் மின்னோட்டக் கோளாறும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்குக்கும் பின்லாந்துக்கும் நடந்த யூரோ கால்பந்து ஆட்டத்தில், முதல் பாதி முடியும் நேரத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று, யாரும் மோதாமலே விழுந்தார். வயது 29. கால்பந்துப் பைத்தியம் உள்ள புதுச்சேரிக்காரர்கள் பலர் அதை நேரலையில் பார்த்திருப்பார்கள். அவரை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. புல்தரையிலேயே கிடத்தி மருத்துவக் குழு நெஞ்சை அழுத்தியது, மின்னதிர்ச்சி கொடுத்தது. சக வீரர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். மைதானத்தை விட்டுப் போகும்போதே அவருக்கு நினைவு திரும்பியிருந்தது. எட்டே மாதத்தில் திரும்பவும் ஆட வந்துவிட்டார்.

நேரக் கணக்கு இதுதான். ரத்த ஓட்டம் நின்றால் நாலு முதல் ஆறு நிமிடத்தில் மூளை சேதமடையத் தொடங்கும். எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. எவ்வளவு நல்ல ஆம்புலன்ஸும் நாலு நிமிடத்துக்குள் வந்து நிற்பது கஷ்டம். அதுவரைக்கும் பக்கத்தில் இருப்பவர்தான் மருத்துவர்.

அருகில் போகும் முன் ஒரு பார்வை

ஓடிப் போகும்போதே சுற்றிலும் பாருங்கள். நடுரோடு என்றால் ஒருவர் வண்டிகளை நிறுத்தட்டும். கரண்ட் அடித்து விழுந்தவர் என்றால் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். 2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சல் புயலும் பார்த்த ஊர்கள் நம்முடையவை. மழைத் தண்ணீரில் அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கமே போகக் கூடாது, மின்வாரியம் லைனை நிறுத்தும்வரை தள்ளி நில்லுங்கள். இரண்டாவதாக ஒருவர் விழுந்தால் முதலாமவருக்கு உதவ யாருமே இருக்க மாட்டார்கள்.

அடையாளம் காண்பது: பத்து நொடிக்கு மேல் வேண்டாம்

என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் விட முக்கியமான பகுதி இதுதான். அழுத்தத் தெரியாததால் போகும் உயிர்களை விட, "இது வேறு ஏதோ" என்று நினைத்ததால் போகும் உயிர்கள் அதிகம் என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான்.

விழுந்தவரின் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்குங்கள். "அண்ணே, அண்ணே, என்ன ஆச்சு? கேக்குதா?" என்று காதுக்கருகில் உரக்கக் கேளுங்கள். கண் திறக்கிறாரா, முனகுகிறாரா, கையைத் தட்டிவிடுகிறாரா? ஏதாவது ஒன்று இருந்தால் இதயம் நிற்கவில்லை. எதுவுமே இல்லை என்றால் மூச்சைப் பாருங்கள். மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பதை விட நெஞ்சும் வயிறும் ஒரே சீராக ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது நல்லது. பத்து நொடி போதும். நாடி பிடித்துப் பார்க்க வேண்டாம். பதற்றத்தில் நம் விரல் துடிப்பையே அவருடைய நாடி என்று நினைத்துவிடுவோம்.

ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, "மூச்சு இழுக்குது" என்று நாம் சொல்வோமே, அது. வாயைத் திறந்து, மீன் கரையில் துள்ளும்போது திறப்பது மாதிரி, சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு இழுப்பு வரும். கொர்ரென்ற குறட்டைச் சத்தமும் சேர்ந்து வரலாம். பார்ப்பவர்களுக்கு உயிர் இருக்கிறது என்ற நிம்மதி வந்துவிடும். உண்மையில் அது மூச்சே இல்லை. இதயம் நின்றபிறகும் மூளைத்தண்டு அனுப்பும் கடைசிக் கட்டளை. சிலருக்குப் பல நிமிடங்கள் நீடிக்கும். ஆளுக்கு நினைவில்லாமல், மூச்சு இப்படி விட்டுவிட்டு இழுத்தால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு அழுத்தத் தொடங்குங்கள்.

இரண்டாவது, வலிப்பு மாதிரி வரும் வெட்டு. மூளைக்கு ரத்தம் நின்றதும் சிலருக்குக் கை கால் சில நொடிகள் வெட்டி இழுக்கும். உடனே நம் ஊரில் சாவிக்கொத்து, இரும்புக் கம்பி, அரிவாள் எல்லாம் கைக்கு வந்துவிடும். இரும்பால் வலிப்பும் நிற்காது, நின்ற இதயமும் ஓடாது. வெட்டு அடங்கியதும் மூச்சைப் பாருங்கள். வலிப்பு நோய் என்றால் அடங்கியபின் ஆழமாகச் சீராக மூச்சு விடுவார். சீரான மூச்சு இல்லையென்றால் அது இதயம்தான்.

சந்தேகமாகவே இருக்கிறதா? அழுத்துங்கள். இதயம் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தவறாக அழுத்திவிட்டால், வலியில் அவர் கையைத் தட்டிவிடுவார், பெரிய தீங்கு நேர்வது அபூர்வம். நின்ற இதயத்தை அழுத்தாமல் விட்டால் ஆள் திரும்ப மாட்டார்.

இந்த நேரத்தில் செய்யக் கூடாதவை: முகத்தில் சோடா அடிப்பது, வாயில் தண்ணீரோ மாத்திரையோ போடுவது, வெங்காயம் முகர வைப்பது, தூக்கி உட்கார வைப்பது. நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குத்தான் போகும்.

108: என்ன சொல்வது, யாரை அனுப்புவது

"யாராவது 108க்கு போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தினால், எல்லோரும் மற்றவர் பண்ணியிருப்பார் என்று நினைப்பார்கள். ஒருவரைக் கைகாட்டிச் சொல்லுங்கள்: "நீல சட்டைத் தம்பி, நீங்க 108க்குப் போடுங்க, ஸ்பீக்கர்ல போட்டு என் பக்கத்துல வைங்க." தனியாக இருந்தால் நீங்களே ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, பேசிக்கொண்டே அழுத்தத் தொடங்கலாம். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்தச் சேவை ஓடுகிறது, புதுச்சேரியிலும் அதே எண்தான். அழைப்பு போகவில்லை என்றால் 112.

"ஆள் விழுந்துட்டார், நினைவு இல்லை, மூச்சு இல்லை, நெஞ்சை அழுத்திட்டு இருக்கோம்" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். மயக்கம் என்று சொன்னால் அவசரத்தின் அளவு அவர்களுக்குப் புரியாது.

அப்புறம் இடம். இது நம் பகுதியில் தனிச் சிக்கல். கடலூர்-புதுச்சேரி சாலையில் கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை வரைக்கும் புதுச்சேரி. ரெட்டிச்சாவடி வந்தால் தமிழ்நாடு. சாலையில் நிற்பவருக்கு எல்லை கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஊர்ப் பெயரோடு எந்த மாநிலம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதுச்சேரி நகருக்குள் சில தெருக்களுக்குப் பழைய பிரெஞ்சுப் பெயர் ஒன்று, தமிழ்ப் பெயர் ஒன்று. தெருப் பெயரை மட்டும் நம்பாமல் கோயில், பள்ளி, ரேஷன் கடை என்று ஒரு அடையாளமும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொருவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து காலைவரை வண்டிகளை விடுவதில்லை. நடைபயிற்சிக்கு வருபவர்கள் விழுவதும் அந்த நேரத்தில்தான். தடுப்புக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, காவலரிடம் சொல்லித் திறந்து வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடக்கும்போது காந்தி வீதியிலும், மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் கூட்டத்தை விலக்க ஒருவர் போதாது, நாலைந்து பேரை அனுப்புங்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு வேலை கொடுத்துவிட்டால் அது நமக்கு உதவியாக மாறிவிடும்.

அழுத்துவது

விழுந்தவரை மல்லாந்து, கெட்டியான தரையில் கிடத்துங்கள். கட்டில் மெத்தையில் இருந்தால் போர்வையோடு இழுத்துத் தரைக்குக் கொண்டுவாருங்கள். மெத்தை அமுங்குமே தவிர நெஞ்சு அமுங்காது. கடற்கரையில் என்றால் காய்ந்த பொலபொல மணலை விட, ஈரம் பட்டு இறுகிய மணல் நல்லது. அது பக்கத்தில் இருந்தால் மட்டும் அங்கே நகர்த்துங்கள். மீன்பிடிப் படகில் விழுந்தால் தளத்துப் பலகையே போதும்.

அவருடைய நெஞ்சுக்குப் பக்கத்தில் நெருக்கமாக மண்டியிடுங்கள். நெஞ்சின் நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு தட்டையான எலும்பு ஓடும். அதன் கீழ்ப் பாதியில் உங்கள் உள்ளங்கையின் அடிப்பகுதியை, மணிக்கட்டை ஒட்டிய மேட்டை, வையுங்கள். இடது பக்கம் இதயம் இருக்கிறது என்று நினைத்து இடதுபுறம் வைக்காதீர்கள், நடுவில்தான். விலா எலும்புகள் கூடும் குழிக்கும் கீழே போய் வயிற்றில் வைக்காதீர்கள். இன்னொரு கையை அதன்மேல் வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்காமல், உங்கள் தோள் அவர் நெஞ்சுக்கு நேர்மேலே வரும்படி குனிந்து, உடம்பின் எடையால் அழுத்துங்கள். கை பலத்தால் அழுத்தினால் ஒரு நிமிடத்தில் ஓய்ந்துவிடுவீர்கள்.

ஆழம் பெரியவர்களுக்குக் குறைந்தது 5 செ.மீ., 6-க்கு மேல் வேண்டாம். கையில் அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டியின் நீளம் வரும். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் பயந்து மெல்லத்தான் அழுத்துகிறார்கள். பயிற்சியில் பொம்மைமேல் முதல்முறை நானும் அப்படித்தான் செய்தேன். நினைத்ததை விட நிறைய பலம் வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். கை தோலை விட்டு எழக் கூடாது, ஆனால் எடையை எடுத்துவிட வேண்டும். மேலே எழும் அந்த நொடியில்தான் இதயத்துக்குள் ரத்தம் நிரம்புகிறது.

வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் ஒரு முறை நகர்வதற்குள் கிட்டத்தட்ட இரண்டு அழுத்தம். வாய்விட்டு எண்ணுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று முப்பதுவரை எண்ண 15 முதல் 18 நொடி ஆக வேண்டும். அதற்கும் முன்னால் முடிந்தால் வேகம் அதிகம்.

இப்படிச் சரியாக அழுத்தினாலும், ஓடும் இதயம் அனுப்பும் ரத்தத்தில் கால் பங்கோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலோதான் போகும். அது மூளையை உயிரோடு வைத்திருக்கப் போதும். கையை எடுத்த உடனே அந்த ஓட்டம் சரிந்துவிடும், திரும்ப ஏற்ற பல அழுத்தங்கள் தேவைப்படும். அதனால் எந்தக் காரணத்துக்காகவும் பத்து நொடிக்கு மேல் நிறுத்தாதீர்கள்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைப்பு தெரியாமலே ஆழம் குறைந்துவிடும். மாற வேண்டியவர் எதிர்ப்பக்கம் தயாராக மண்டியிட்டிருக்கட்டும். ஒருவர் கை எடுக்க, அடுத்தவர் கை உடனே விழ வேண்டும்.

"விலா எலும்பு முறிந்தால்?" என்று எல்லோரும் கேட்பார்கள். முறியலாம். வயதானவர்களுக்கு மளுக்கென்று சத்தம்கூடக் கேட்கும். கை இருக்கும் இடம் சரியா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடருங்கள். முறிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா? பயிற்சி பெற்றிருந்தால் முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. இல்லையென்றால் வேண்டாம், அழுத்திக்கொண்டே இருங்கள். திடீரென விழுந்த பெரியவரின் ரத்தத்தில் முதல் சில நிமிடத்துக்குத் தேவையான ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறது, அதை ஓடவைப்பதுதான் வேலை. நம் நாட்டு மயக்கவியல் மருத்துவர்கள் பொதுமக்களுக்கென்று வகுத்திருக்கும் 'கோல்ஸ்' முறையில் வாய்வழி மூச்சே கிடையாது, அழுத்தம் மட்டும்தான். 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இந்த முறையை உலகுக்குச் சொன்ன மூவரில் மூத்தவரான கூவன்ஹோவன் ஒரு எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். இதற்குத் தேவையானது இரண்டு கைகள் மட்டுமே என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதினார்கள். மருத்துவம் படித்தவர்தான் செய்ய வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

தூக்கும் கைகளைத் தடுப்பது

இரண்டு பேர் அழுத்தத் தொடங்கியதும் மூன்றாமவர் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்துவார். பாசத்தில் செய்வதுதான். "இங்க வச்சு என்ன பண்றீங்க, தூக்குங்க" என்று சொந்தக்காரர்கள் சத்தம் போடுவார்கள், சிலர் கையைப் பிடித்து இழுக்கவும் கூடும். அப்போது பதில் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: "அழுத்துறத நிறுத்தினா உயிர் போயிடும். ஆம்புலன்ஸ் வருது. வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது." அழுத்துபவர் சொல்ல வேண்டாம், பக்கத்தில் நிற்பவர் உரத்துச் சொல்லட்டும்.

தூக்கும்போது அழுத்த முடியாது. ஆட்டோ சீட்டில் உட்காரவைத்து அழுத்த முடியாது. காரின் பின் சீட்டில் மடியில் கிடத்தியும் முடியாது. புதுச்சேரி கடற்கரைக்கு மிக அருகில், பாரதி பூங்காவை ஒட்டியே அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் விழுந்தால்கூடத் தூக்கி, ஏற்றி, இறக்கி, ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவதற்குள் மூளைக்கு இருக்கும் அந்த நாலைந்து நிமிடம் போய்விடும். கோரிமேடு ஜிப்மருக்கோ கதிர்காமம் மருத்துவக் கல்லூரிக்கோ என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆம்புலன்ஸ் வரவே முடியாத உட்கிராமம் என்றால்? மாறி மாறி அழுத்துங்கள். வேறு வழியே இல்லாமல் கிளம்ப நேர்ந்தால், தட்டையான தளமுள்ள மினி லாரி மாதிரியான வண்டியில் கிடத்தி, ஒருவர் அழுத்திக்கொண்டே போக வேண்டும். அது கடைசி வழி மட்டும்தான்.

பெண்கள், குழந்தைகள், தண்ணீரில் விழுந்தவர்கள்

விழுந்தவர் பெண் என்றால் நம் ஊரில் ஆண்கள் பின்வாங்குகிறார்கள். தொட்டால் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தயக்கத்தில் ஒரு அம்மாவோ அக்காவோ போய்விடக் கூடாது. அழுத்துவதற்குச் சேலையையோ ரவிக்கையையோ விலக்க வேண்டியதில்லை, துணிக்கு மேலேயே நெஞ்செலும்பின் நடுவில் அழுத்தலாம். "நெஞ்சை அழுத்தப் போறேன், நீங்க பக்கத்துல இருங்கம்மா" என்று அங்கிருக்கும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பிணி என்றாலும் அதே இடம், அதே ஆழம். இன்னொருவர் வயிற்றை அவருடைய இடதுபக்கமாக மெல்லத் தள்ளிப் பிடித்துக்கொள்ளட்டும்.

குழந்தைகளுக்கு இதயம் நிற்பது பெரும்பாலும் மூச்சு நின்றதால்தான். அதனால் அவர்களுக்கு மூச்சு கொடுப்பது அவசியம். நெஞ்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. சின்னப் பிள்ளைக்கு ஒரு கை போதும். கைக்குழந்தைக்கு நெஞ்சைச் சுற்றிக் கைகளால் பிடித்து இரண்டு கட்டைவிரலால் அழுத்தலாம்.

கடலூர் சில்வர் பீச்சிலும் புதுச்சேரிக் கடலிலும் குளிக்கப் போய் மூழ்குபவர்களுக்கும் இதே கதைதான். கரையேற்றியதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகப் பிடிப்பது, தோளில் போட்டுச் சுற்றுவது எல்லாம் வேண்டாம். வயிற்றுத் தண்ணீர் வெளியே வந்தால் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்துதான் அதிகம். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு எழும்படி முதலில் இரண்டு மூச்சு கொடுங்கள். பிறகு முப்பதுக்கு இரண்டு. ஊதத் தெரியாவிட்டால் அழுத்தவாவது செய்யுங்கள்.

ஏ.இ.டி. பெட்டி

விமான நிலையங்களிலும் சில பெரிய அலுவலகங்கள், வணிக வளாகங்களிலும் இதயக் குறியும் மின்னல் கோடும் போட்ட ஒரு பெட்டி சுவரில் இருக்கும். அதுதான் ஏ.இ.டி. நடுங்கும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவரும் கருவி. நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களிலும் பேருந்து நிலையங்களிலும் இது இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். பெட்டி இருந்தால் பயப்படாதீர்கள், திறந்து பொத்தானை அழுத்தியதும் என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசும். நெஞ்சில் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கமும் வெறும் தோலில் ஒட்டுங்கள். பெண்களுக்கு ஒரு துப்பட்டாவால் மறைத்துக்கொள்ளலாம். அது சொல்லும்போது எல்லோரும் கையை எடுங்கள். அதிர்ச்சி தேவையில்லாதவருக்கு அது கொடுக்காது. கொடுத்த மறுநொடியே திரும்பவும் அழுத்துங்கள்.

எப்போது நிறுத்துவது

அவர் அசையும்போது, கண் திறக்கும்போது, சீராக மூச்சு விடும்போது. அப்போது ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே இருங்கள், இதயம் திரும்பவும் நின்றுவிடலாம். அல்லது ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கை மாற்றிக்கொள்ளும்போது. எத்தனை மணிக்கு விழுந்தார், எப்போது அழுத்தத் தொடங்கினீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். நீங்கள் முழுதாகக் களைத்து, மாற்று ஆளும் இல்லாவிட்டால் நிறுத்துவதில் குற்றமில்லை.

கேஸ் வருமோ என்ற பயம்

நல்லெண்ணத்தோடு, ஒப்புதல் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காகச் செய்யும் செயலைக் குற்றமாகக் கருதாத பிரிவு நம் தண்டனைச் சட்டத்தில் வெகுகாலமாக உண்டு. பழைய சட்டத்தில் 92, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 30. சாலை விபத்தில் உதவுபவர்களுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு கொடுத்தது, 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் அது 134ஏ பிரிவாகவே வந்துவிட்டது. அழுத்துவதற்கு முன் சட்டத்தை யோசிக்க வேண்டாம்.

விழுவதற்கு முன்பே

நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி பாரம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை: இவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் குமட்டலுமாக வரலாம். இதை வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீரும் சோடாவும் குடித்துவிட்டுப் படுப்பவர்கள் நம் வீடுகளில் ஏராளம். படுக்காதீர்கள், தனியாக வண்டி ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அவசர மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

வீட்டில் பழகுவது

செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. ஒரு தடவையாவது பொம்மைமேல் அழுத்திப் பார்த்தால்தான் 5 செ.மீ. என்றால் என்னவென்று கைக்குத் தெரியும். அதுவரை ஒரு தலையணையை இறுக்கிச் சுருட்டித் தரையில் வைத்து, போனில் நிமிடத்துக்கு 110 என்று தாளம் ஓடவிட்டு இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு இதைச் செய்கிறோம். எட்டாவது படிக்கும் என் மகள் என்னைவிட நேராகக் கையை வைத்திருக்கிறாள். இதயம் நிற்பது பெரும்பாலும் வீட்டில்தான் என்பதால், நாம் அழுத்தப் போவது நம் வீட்டு ஆளாகவே இருக்கக்கூடும். கதவுக்குப் பின்னால் வீட்டு முகவரி, அடையாளம், 108 எல்லாம் எழுதி ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயரே மறந்துபோகும்.

பிழைத்தவருக்கு

பிழைத்து வீடு திரும்புபவருக்கு நெஞ்சு பல வாரம் வலிக்கும். அன்றைய நாளே நினைவில் இருக்காது, ஞாபக மறதியும் சட்டென்று வரும் அழுகையும் சில மாதம் இருக்கலாம். காரணம் அடைப்பு என்றால், அடைபட்ட குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைப்பார்கள். திரும்ப வரும் ஆபத்து இருந்தால் இதயத் துடிப்பு தாறுமாறானால் தானே அதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. என்ற சிறு கருவியைத் தோலுக்கடியில் பொருத்துவார்கள். எரிக்சனுக்கும் அதைத்தான் வைத்தார்கள். அழுத்தியவருக்கும் பல இரவு தூக்கம் வராது, அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அவரிடமும் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும், ஆள் பிழைக்காமல் போயிருந்தால் இன்னும் அதிகமாக. விழுந்தவர் இளவயதுக்காரர் என்றால், அவர் பிழைத்தாலும் இல்லாவிட்டாலும், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு இதய மருத்துவரிடம் போய் ஈ.சி.ஜி.யும் எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம், அப்புறம் என்று தள்ளிப்போட வேண்டாம்.